சிறகில்லாப் பூச்சியின் வயது

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் எதைச் சொல்லலாம் என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பேனா முள் வாங்குவது, எந்த மை தாளில் ஊறாது, நிழலுக்குப் புள்ளி வைப்பதா கோடு இழுப்பதா என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே கையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பூச்சியை வரைகிறவர்களும் அதைப் பார்த்து எழுதுகிறவர்களும் சில நேரம் தடுமாறி நின்றுவிடுவார்கள். அப்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு தையற்கடைக்குப் பூவேலை மாதிரிகள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்து நின்ற ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் பூச்சி ஆராய்ச்சிக்கூடம் வந்தது. படம் வரைய ஆள் வேண்டும் என்று மாதா கோயிலில் யாரோ சொல்ல, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பூச்சியெல்லாம் வராது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"பூ போட்ற கை பூச்சி போடாதா? கம்முனு வா" என்றார் அப்பா.

உள்ளே இருந்தவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைத்தார்கள். வைத்தியர் அல்ல, பூச்சிகளில் டாக்டர் பட்டம் வாங்கியவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் தம்பிகள் ராயபுரத்தில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்தார்கள். தம்பி மூட்டையை விட்டுவிட்டு மூட்டைக்குள் இருந்த பூச்சியைப் பிடித்துக்கொண்டான் என்று அவருடைய அண்ணன் சொல்லிச் சிரிப்பாராம். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் வரைந்த முதல் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கால் ஒண்ணு குறையுதேம்மா" என்று மட்டும் சொன்னார். அதையும் யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

அவர் ஆராய்ந்தது நாவாய்ப்பூச்சிகளை. வீட்டு மூட்டைப்பூச்சியும், நெற்கதிரில் பால் உறிஞ்சும் பூச்சியும், குளத்துத் தண்ணீரின் மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். கடித்துத் தின்னும் வாய் அவற்றுக்கு இல்லை. ஊசி போன்ற குழலைக் குத்தி உறிஞ்சும்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். டாக்டர் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலைவரை எழுந்திருக்க மாட்டார். வரையச் சொல்வார், பார்ப்பார், திருத்துவார். எல்லாம் சரியானதும் மேஜை இழுப்பறையில் வைத்து மூடிவிடுவார். அச்சுக்கு எதுவும் போகாது. மற்ற அறைகளில் இருந்தவர்கள் வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டுரை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவருடைய இழுப்பறை மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

காரணத்தை அலுவலகத்துக் குமாஸ்தா ஒருநாள் சொன்னார். நான் வருவதற்குப் பல வருஷம் முன்பு, டாக்டர் ஒரு பூச்சியைப் புதிய பேரினம், அதாவது இனத்துக்கும் மேலான ஒரு தனிப் பிரிவு, என்று எழுதி, அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார். நாவாய்ப்பூச்சியின் குஞ்சுக்குச் சிறகு இருக்காது. தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசித் தோல் கழன்றதும்தான் சிறகு வரும். ஆனால் சில வகைகளில் வளர்ந்த பிறகும் சிறகே வராது. டாக்டர் தன் பூச்சியை அப்படிப்பட்ட ஒன்று என்று நினைத்துவிட்டார். கல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு பெரிய அறிஞர், அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்தான், அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பூச்சியின் குஞ்சு என்று கண்டுபிடித்துச் சில வரிகளில் எழுதினார். அதில் ஒரு வரி, குழந்தைக்குப் பேரினப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருடைய அறை வாசலில் யாரோ மரத் தொட்டில் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்களாம். அவர் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு அவர் எதையும் வெளியிடவில்லை.

இது தெரிந்த பிறகு, அவர் இழுப்பறையை மூடும் சத்தம் கேட்டாலே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் எண்ணூர்ப் பூச்சி வந்தது. எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்துக்குப் பக்கத்தில் கழிமுகத் தண்ணீர் வடியும்போது, சேற்றில் நட்டிருந்த பழைய மரக்கட்டைகள் வெளியே தெரியும். அவற்றில் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சிப்பிகளின் இடுக்கில் தேங்கும் தண்ணீரின்மேல் எள்ளளவில் கறுப்பாக என்னவோ ஓடியதைப் பார்த்து, டாக்டர் சிலவற்றை வலையில் அள்ளிவந்திருந்தார். வழியிலேயே பாதி நசுங்கிப்போயின. மிஞ்சியவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னை வரையச் சொன்னார்.

அழகான பூச்சி அது. உடம்பு முழுக்க வெள்ளிப்பொடி தூவியதுபோல் மயிர். அந்த மயிர்தான் காற்றைப் பிடித்து வைத்து, தண்ணீர் ஏறினாலும் உடம்பு நனையாமல் காப்பாற்றும். நடுக்கால்கள் உடம்பைவிட நீளம். கண்கள் தலையின் இரு ஓரத்திலும் பிதுங்கி நின்றன. சிறகு இல்லை, சிறகின் மொட்டும் இல்லை. இதுபோல வேறொன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "குஞ்சா இல்லாம இருக்கணும்" என்றார்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இந்தக் குடும்பத்தில் வளர்ந்த பூச்சிக்குப் பாதத்தில் இரண்டு கணு இருக்கும், குஞ்சுக்கு ஒன்றுதான். எங்கள் பூச்சிக்கும் ஒன்றுதான். வளர்ந்ததற்கு நாற்றச் சுரப்பியின் வாய் மார்புக்கு அடியில் இருக்கும். எங்கள் பூச்சியின் மார்பில் மயிர் அடர்ந்து கிடந்ததால் எதுவும் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்று காட்டும் வயிற்றின் கடைசி வளையங்களும் காய்ந்து உள்ளே சுருங்கிப் போயிருந்தன. எல்லாம் குஞ்சு என்று சொல்வதுபோல இருந்தது. ஆனால் தோல் கெட்டியாக, முற்றியதுபோல இருந்தது. டாக்டர் மாதக்கணக்கில் அதையே பார்த்தார். நான் மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்தேன். கடைசியில் அந்தப் படங்களும் இழுப்பறைக்குள் போயின.

கன்னியம்மா என்று ஒரு பெண் இருந்தாள். காத்திவாக்கத்துக் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடித்து, ராயபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவாள். டாக்டர் பூச்சி பிடிக்கப் போனபோது அவருடைய செருப்பைக் கரையில் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதிலிருந்து எங்கள் கட்டட வாசலில் கூடையை இறக்கிவைத்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் ஏதோ தொழிற்சாலை வரப்போகிறதாம் என்று சொன்னாள்.

"லாரி லாரியா மண்ணு கொட்டிக்கினு கீறாங்கம்மா. உங்க பூச்சி கீற எடம் எத்தினி நாளு தாங்கும்னு தெர்ல."

மாடிக்கு ஓடிப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அடுத்த நாள் காலையில் தண்ணீர் எப்போது வடியும் என்று கன்னியம்மாவிடம் கேட்டுவரச் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் அலுவலகத்து ஆளோடு சேற்றில் இறங்குவது அவ்வளவு சாதாரணம் இல்லை. கன்னியம்மா கூட இருந்ததால் வீட்டில் விட்டார்கள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி எப்படி நடப்பது என்று அவள்தான் காட்டினாள். லாரிகள் கொட்டிய செம்மண் மேடு கரையோரம் வந்துவிட்டிருந்தது. எங்கள் மரக்கட்டைகளுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் ஒரு வீட்டுக் கூடத்தின் அகலம்தான் மிச்சம்.

பழைய இடத்தில் வெகுநேரம் தேடினோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு கட்டையின் நிழலில், சிப்பிகளுக்கு நடுவே தேங்கிய கையளவு தண்ணீரில் டாக்டர் ஒரு ஜோடியைக் கண்டார். கொஞ்சம் பெரியது கீழே, சிறியது அதன் முதுகில். இரண்டும் சேர்ந்து அந்தத் தண்ணீரை வட்டமடித்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயால் இரண்டையும் மொண்டு எடுத்தார். வேறு ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜோடியாக இருப்பதால் வளர்ந்தவை என்று ஆகிவிட்டதல்லவா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒன்றை ஒன்று தின்பதற்கும் ஏறும் என்றார்.

"முட்டை ஒண்ணைத்தாம்மா யாரும் மறுக்க முடியாது. குஞ்சு முட்டை போடாது."

ஒரு கையில் பூச்சிகள் இருந்த குழாய், இன்னொரு கையில் ஸ்பிரிட் குழாய். ஸ்பிரிட்டில் போட்டால் நசுங்காத, முழுசான இரண்டு உடல்கள் நிச்சயம். வயிற்றை அறுத்துப் பார்க்கலாம். ஆனால் முட்டை முற்றியிருக்காவிட்டால் கொழுப்புக்கும் முட்டைக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். உயிரோடு கொண்டுபோனால் முட்டை இடலாம். அல்லது வழியிலேயே வெயிலில் செத்து, வாடி, பழையவற்றைப் போலவே ஆகிவிடலாம். ஒன்று மற்றதைத் தின்றும் விடலாம். திரும்ப வந்தால் இந்த இடம் இருக்காது. அவர் ஸ்பிரிட் குழாயின் தக்கையைப் பல்லால் கடித்துத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

நான் அவருக்கு யோசனை சொல்லும் நிலையில் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

"செத்தது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேட்டில் மண் கொட்டிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தார். தக்கையை மறுபடி ஸ்பிரிட் குழாயில் அழுத்தி மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி. போனா போகட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

இந்தப் பூச்சிகளைத் தண்ணீரோடு கொண்டுபோகக் கூடாது, குலுங்கினால் முங்கிவிடும். ஈரத் தாள் போட்ட பாட்டிலில் அவற்றை விட்டு, கழிமுகத் தண்ணீரைத் தனியாக ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டோம், கூடவே ஒரு சிப்பி ஓட்டையும். பாட்டிலை நனைந்த துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் வந்தது. ஆண்கள் பெட்டியில் பீடிப் புகை அடர்ந்திருந்தது. அந்தப் புகை பட்டாலே செத்துவிடும் என்று பயந்து, என்னைப் பெண்கள் பெட்டியில் ஏறச் சொன்னார். தான் அடுத்த பெட்டியில் ஏறினார்.

பெட்டி நிறைய மீன்கூடைக்காரப் பெண்கள். வண்டி நின்ற முதல் ஸ்டேஷனிலேயே டாக்டர் இறங்கி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருக்காம்மா?" என்றார். இருக்கிறது என்றேன். விசில் ஊதியதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அடுத்த ஸ்டேஷனிலும் அதேதான். என் பக்கத்தில் இருந்த பெண், அவர் என் அப்பாவா, மடியில் என்ன மருந்தா, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கவலையோடு விசாரித்தாள். துணியை விலக்கிக் காட்டினேன். பாட்டிலைச் சுற்றித் தலைகள் கூடின.

"இந்த எள்ளுக்கா அந்த மனுசன் இம்மாம் பாடு பட்றாரு?" என்றாள் அவள்.

இது முட்டை போட வேண்டும், போட்டால்தான் அவருக்கு நிம்மதி என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் கூடையிலிருந்து ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து, பாட்டிலைச் சுற்றியிருந்த துணியின்மேல் வைத்தாள். அடுத்த ஸ்டேஷனில் டாக்டர் ஜன்னலுக்கு வந்தபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"கீது நைனா, கீது. நீ போய்க் குந்து."

தண்டையார்பேட்டையில் இறங்கினோம். கைரிக்ஷா குலுங்கும் என்று ராயபுரம்வரை நடந்தே வந்தோம்.

மாடியில் ஒரு கண்ணாடித் தட்டில் கழிமுகத் தண்ணீரை ஊற்றி, சிப்பி ஓட்டைச் சாய்த்து வைத்து, இரண்டையும் விட்டோம். அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈக்களைப் பிடித்து சிறகைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டதும் ஓடிவந்து உறிஞ்சின. தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும் என்பதால் டாக்டர் தட்டின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நல்ல தண்ணீர் சொட்டுவிட்டுக்கொண்டே இருப்பார். உயிரோடு இருந்த பூச்சிகளை நான் பார்த்துப் பார்த்து வரைந்தேன். காய்ந்த பூச்சியில் மடங்கிக் கிடந்த கால் எந்தக் கோணத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது என்பதும், முன்கால்கள் உடம்பைத் தாங்கத்தான், நடுக்கால்கள்தான் துடுப்பு என்பதும் அப்போதுதான் புரிந்தன. பெண் என்று நாங்கள் நினைத்த பெரிய பூச்சி அடிக்கடி பின்காலை மடக்கி மார்பின் அடியில் ஓரிடத்தைத் துடைத்துக்கொண்டது. எப்போதும் அதே இடம். அதைப் படத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் குறித்துவைத்தேன்.

சில நாளில் மேலிருந்த சின்னது செத்து மிதந்தது. டாக்டர் அதை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டார். அன்றைக்கே போட்டிருந்தால் இரண்டும் முழுசாக இருந்திருக்கும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. நான் சொன்னதால்தான் அன்று அவர் போடவில்லை. அடுத்து, பெண்பூச்சியையும் காணவில்லை. சிப்பிக்கு அடியில் போயிருக்க வேண்டும். வெளியே வரவில்லை. ஈயைப் போட்டாலும் வரவில்லை. சிப்பியைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தூக்கினால் நசுங்கும், இடுக்கில் தண்ணீர் ஏறும் என்றார். அவர் கை இரண்டு முறை சிப்பிவரை போய்த் திரும்பியது. பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை நான் அன்று பார்த்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். சும்மா இருப்பவரைப் பார்த்துக் கோழை என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.

ஒரு காலையில் நான் போனபோது பெண்பூச்சி தண்ணீரின்மேல் நின்று கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வரும்வரை காத்திருந்தேன். அவர் இடுக்கியால் சிப்பியை மெல்லத் தூக்கித் திருப்பினார். அடிப்பக்கத்துப் பள்ளத்தில், நீளவாக்கில் ஒட்டிவைத்ததுபோல், வெளுத்த முட்டைகள் இருந்தன. அரிசி நொய்யைவிடச் சின்னவை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். மறுபடி அவர் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து உட்கார்ந்து, வழக்கமான குரலில், "அளவு எடும்மா" என்றார்.

முட்டைக்குள் சிவப்பாகக் கண்கள் தெரிந்தன. பிறகு அவை பொரிந்தன. தூசிபோன்ற குஞ்சுகள் தண்ணீரின்மேல் கால் வைத்து நின்றன. தாய் வயதாகிச் செத்த பிறகு டாக்டர் அதை அறுத்தார். நான் அம்புக்குறி போட்ட இடத்தில் மயிரை ஊசியால் விலக்கினார். நாற்றச் சுரப்பியின் வாய் அங்கேதான் இருந்தது, ஒரு சின்னப் பிளவாக. பாதத்தில் ஒரு கணுவோடேயே வளர்ந்து முடியும் பூச்சி அது. அதுதான் அந்தப் பேரினத்தின் தனி அடையாளம்.

கட்டுரை எழுதி முடித்தார். இனி அச்சுக்குத்தான் என்று நான் நினைத்திருக்க, அதற்கு முன்னால் கல்கத்தாக்காரரிடம் காட்ட வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் வேறு ஆளே இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"அவர்தாம்மா நல்லா பார்ப்பார்" என்றார்.

கல்கத்தாக்காரர் அப்போது ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். தபாலில் அனுப்ப வேண்டாம், வழியில் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். நான் மனதில் ஒரு உயரமான, கறாரான ஆளை வரைந்து வைத்திருந்தேன். வந்தவர் மெலிந்த மனிதர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் அதற்கு முன்னால் சந்தித்ததே இல்லை.

அவர் வெகுநேரம் பார்த்தார். ஆணை, பெண்ணை, முட்டை ஓட்டை, குஞ்சை, என் படங்களை. டாக்டர் பக்கத்தில் பரீட்சை எழுதுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். கல்கத்தாப் பெரியவர் அடிவயிற்றுப் படத்தில் விரலை வைத்து, இந்த ஒரு கோடு ஏன் புள்ளிப்புள்ளியாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். அந்த வளையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பொருத்து இருக்கிறதா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியலைன்னா எனக்கும் தெரியலை" என்றார் டாக்டர்.

பெரியவர் லேசாகச் சிரித்தார். மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்து, இது வளர்ந்ததுதான், புதிய பேரினம்தான், இதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அன்னிக்கு அந்தக் குழந்தைன்னு எழுதின வரி வேண்டியிருக்கலை. சாமர்த்தியமா இருக்குன்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் உங்க பேர்ல ஒண்ணுமே வரலைங்கறதை ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன்."

 டாக்டர் மேஜைமேல் கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார்.

"நீங்க எழுதினதுல ஒரு சொல்கூடத் தப்பு இல்லையே. அதனாலதான் வலிச்சுது" என்றார்.

 நான் டீ வாங்கிவரப் போனேன். திரும்பி வந்தபோது இழுப்பறை திறந்திருந்தது. அதில் இருந்த பழைய படங்களை எல்லாம் பெரியவர் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஏன் அனுப்பவில்லை, இதை ஏன் அனுப்பவில்லை என்று அவர் ஒவ்வொன்றுக்கும் கேட்க, டாக்டர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வந்த வருஷங்களில் அவற்றில் பெரும்பாலானவை அச்சேறின.

பிறர் செய்த தப்பு உங்கள் கண்ணில் படும். அதைச் சொல்லாமல் விடாதீர்கள், பூச்சிக்கு நாம் அந்த அளவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் எழுதும்போது, அந்த மனிதர் தன் மேஜையில் உட்கார்ந்து அதைப் படிக்கப்போகிறார் என்பதையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள். சிரிக்க வைக்கும் வரி ஒன்று தானாகவே வந்து விழும். அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

படங்களைப் பார்த்த மறுநாள் காலையில் பெரியவர் பூச்சியை உயிரோடு பார்க்க வேண்டும் என்றார். எண்ணூருக்குப் போனோம். மண்மேடு ஏதோ காரணத்தால் அங்கேயே நின்றிருந்தது. அடுத்த வருஷம் அந்த இடம் மூடப்பட்டுப் போயிற்று. பிறகு அந்தப் பூச்சியை வடக்கே பழவேற்காட்டுப் பக்கம்தான் பார்த்தேன். அன்று கட்டைகள் இருந்தன, தண்ணீரும் வடிந்திருந்தது. இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சேறு வழுக்கியது. பெரியவர் தடுமாறியதும் டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அடியில் டாக்டர் தடுமாற, பெரியவர் பிடித்துக்கொண்டார். கன்னியம்மா கரையில் இருவருடைய செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, விழப்போகிறார்கள் என்று என்னிடம் புலம்பினாள்.

கட்டையருகே போய் இருவரும் குனிந்தார்கள். டாக்டர் ஒரு சிப்பி இடுக்கில் விரலால் எதையோ காட்டினார். பெரியவர் இன்னும் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்ததும், ஒரு கையால் டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. கணுக்காலைத் தாண்டி, முழங்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஏறுது, மேல வாங்க சார்" என்று கன்னியம்மா கூப்பிட்டாள்.

இருவரும் நிமிரவே இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, அந்தச் சிப்பி இடுக்கைத் தண்ணீர் மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.